கூடாரம் கட்டிய தலைச்சேரிக்காரர்

கேள்வி: ஜெமினி சர்க்கஸும் ஜெமினி ஸ்டுடியோக்காரர்களுடையதுதானா?

பதில்: இல்லவே இல்லை. ஜெமினி ஸ்டுடியோ அதிபர் எஸ்.எஸ். வாசனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தொடங்கியவர் கேரளத்தின் தலைச்சேரிப் பக்கத்து எம்.வி. சங்கரன். தன் ராசியான மிதுனத்தை வைத்துப் பெயர் சூட்டினார்.

தலைச்சேரிதான் இந்திய சர்க்கஸின் தாய்வீடு. களரி ஆசான் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் அங்கே பிள்ளைகளுக்கு சர்க்கஸ் வித்தை பழக்கினார். சங்கரனும் அவரிடம் பயின்றவர். இடையில் ராணுவத்துக்குப் போனார். திரும்பி வந்து பார் விளையாட்டிலும் ஊஞ்சலிலும் பெயர் வாங்கினார்.

1951-ல் நொடித்துப்போயிருந்த விஜயா சர்க்கஸை நண்பர் ஒருவரோடு சேர்ந்து 6,000 ரூபாய்க்கு வாங்கினார். ஒரு யானை, இரண்டு சிங்கம் சேர்த்து அந்த விலை! அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று குஜராத்தின் பில்லிமோராவில் ஜெமினியின் முதல் காட்சி. 1977-ல் ஜம்போ சர்க்கஸையும் வாங்கினார்.

ராஜ்கபூரின் ‘மேரா நாம் ஜோக்கர்’, நம் கமலின் ‘அபூர்வ சகோதரர்கள்’ இரண்டிலும் வருவது இவர் கூடாரம்தான். ‘அபூர்வ சகோதரர்க’ளில் குள்ள அப்புவாகக் கமல் நடமாடிய அரங்கைப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு முதலாளியைத் தெரியும்?

ஜெமினி சங்கரன் 2023 ஏப்ரலில், 99-ஆவது வயதில் கண்ணூரில் காலமானார்.