நான்கு பேர், பல நாட்டு மெட்டுகள்: நாட்டுப்புற இசைக்குழு தொடங்க முழுமையான வழிகாட்டி

மைக், ஆம்ப்ளிஃபயர் ஏதும் வேண்டாம். நாலு நாற்காலியும் வாரம் ஒரு மாலையும் இருந்தால் அயர்லாந்து, பல்கேரியா, சுவீடன் என்று பல நாட்டு மெட்டுகளை வாசிக்கத் தொடங்கலாம். இவற்றில் பெரும்பாலானவை ஆட்டத்துக்கென்றே பிறந்தவை. கால் தானாகத் தாளம் போடவில்லையென்றால் வாசிப்பில் ஏதோ குறை என்று பொருள்.

1. ஆள் சேருங்கள்

நான்கு பேர் போதும். மெட்டுக்கு இருவர் (வயலின், புல்லாங்குழல் அல்லது டின் விசில்), பின்னணிக்கு ஒரு கிட்டார், தாளத்துக்கு ஒருவர். இரண்டாவது கிட்டார்க்காரர் எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும் இப்போதைக்கு வேண்டாம். இருவரும் ஆளுக்கொரு கார்டு பிடித்தால் மெட்டு மூழ்கிவிடும். அவர் கையில் மாண்டலின் கொடுங்கள். வயலினுக்கும் மாண்டலினுக்கும் ஜி, டி, ஏ, ஈ என்ற ஒரே தந்தி வரிசைதான். கர்நாடக இசை வாசிப்பவர் ஸ-ப-ஸ-ப ஸ்ருதியிலிருந்து இதற்கு மாற்ற வேண்டியிருக்கும். அடிக்கடி ஏற்றி இறக்கினால் தந்தி தாங்காது, முடிந்தால் தனி வயலின் ஒன்றை ஒதுக்குங்கள்.

2. ஸ்ருதியைப் பொதுவாக்குங்கள்

பரவலாகக் கிடைக்கும் டின் விசில் டி ஸ்ருதியில் இருக்கும், நம் கணக்கில் இரண்டு கட்டை. ஐரிஷ் மெட்டுகளில் மிகப் பல டி, ஜி ஸ்ருதிகளைச் சுற்றியே வரும். சங்கராபரணம், ஹரிகாம்போதி, கரகரப்பிரியா, நடபைரவி ஆகிய நான்கின் ஸ்வரங்கள் விரலில் இருந்தால் ஐரிஷ் மெட்டுகளில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். ஸ்வரங்கள் மட்டும்தான், கமகத்தைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே அழகு என்பது ஸ்வரத்துக்கு முன் நொடியில் வெட்டிச் செல்லும் ‘கட்’, ஒரே ஸ்வரத்தைச் சுற்றி உருளும் ‘ரோல்’ போன்றவை.

3. ஒரே நாட்டில் தொடங்குங்கள்

முதல் மாதமே ஐந்து நாடுகளுக்குப் போகும் குழு எந்த நாட்டையும் ஒழுங்காக வாசிக்காது. அயர்லாந்து நல்ல தொடக்கம். பெரும்பாலான ஐரிஷ் ஆட்ட மெட்டுகளில் இரண்டு பகுதிகள். பகுதிக்கு எட்டு பார், ஒவ்வொன்றும் இருமுறை, ஆக ஒரு சுற்று 32 பார். ஜிக் 6/8, ரீல் 4/4. இரண்டு மூன்று மெட்டுகளை இடையில் நிறுத்தாமல் கோத்து வாசிப்பதை ‘செட்’ என்பார்கள். ஒரு செட் பாடமாகும்வரை அடுத்ததைத் தொடாதீர்கள்.

சிகாகோவின் போலீஸ் தலைவராக இருந்த ஃபிரான்சிஸ் ஓ’நீல் 1903-இல் வெளியிட்ட தொகுப்பில் 1,850 மெட்டுகள் இருக்கின்றன. நோட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் பழைய ஒலிப்பதிவைக் கேட்டு, வாயால் பாடிப் பார்த்து, பிறகு கருவியை எடுங்கள். நோட்டில் எலும்புக்கூடுதான் இருக்கும்.

4. பால்கன் தாளங்களுக்கு வாருங்கள்

மேற்கத்திய இசை மட்டும் கற்றவர்கள் தடுமாறும் இடம் இது. நமக்கு இங்கே முன்பணம் இருக்கிறது. கிரேக்கத்தின் கலமத்தியானோஸ் ஆட்டம் 3+2+2, அதாவது அப்படியே மிஸ்ர சாபு. பல்கேரியாவின் ராச்செனிட்சா அதைத் திருப்பிப் போட்டது: 2+2+3, ‘தகதிமி தகிட’ என்று சொல்லிப் பாருங்கள். பைதுஷ்கோ 2+3, நம் கண்ட சாபு. டாய்ச்சோவோ 2+2+2+3, மொத்தம் ஒன்பது. ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக் இத்தாளங்களில் மயங்கி, ‘மிக்ரோகாஸ்மோஸ்’ தொகுப்பின் முடிவில் பல்கேரியத் தாளத்தில் ஆறு நடனங்களை எழுதிவைத்தார்.

முதலில் மெதுவாகச் சொல்கட்டு, பிறகு கைத்தட்டு, பிறகு நடை, கடைசியில் கருவி. ராச்செனிட்சாவில் வேகம் கூடியதும் ஏழு வரை எண்ணக் கூடாது. குட்டை, குட்டை, நெட்டை என மூன்று அடிகளாக உடம்பில் உணர வேண்டும். மிருதங்கம், கஞ்சிரா பழகியவருக்கு ஒரு விண்ணப்பம்: தீர்மானமும் கோர்வையும் வேண்டாம். ஆடுபவருக்கு அடுத்த அடி எங்கே விழும் என்பது தெரிய வேண்டும்.

பால்கனைத் தாண்டி வடக்கே போனால், சுவீடனின் போல்ஸ்கா மூன்று எண்ணிக்கைதான், ஆனால் வால்ட்ஸ் அல்ல. கால் ஒன்றிலும் மூன்றிலும் தட்டும்; சில வட்டாரங்களில் மூன்று அடிகளும் சம நீளத்தில் இருப்பதில்லை. இதை நோட்டில் பார்த்துக் கற்க முடியாது.

5. நம் பங்காக ஒன்று

முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்யங்களைப் பட்டியலில் சேருங்கள். ஐரோப்பிய மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருத வரிகள் அமைத்தவை. ‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் தேசிய கீத மெட்டில் அமைந்தது.

6. வெளியே வாசிக்கும் முன்

மெட்டின் பெயரையும் நாட்டையும் அறிவியுங்கள். யாரிடமிருந்து அல்லது எந்தப் பதிவிலிருந்து கற்றீர்கள் என்றும் சொல்லுங்கள். பாரம்பரிய மெட்டுக்குத் தனி உரிமையாளர் இல்லை. ஆனால் ஒரு குழு அதற்குச் செய்த இசைக்கோவைக்குப் பதிப்புரிமை இருக்கக்கூடும். ஒலிப்பதிவு செய்து வெளியிடுவதாக இருந்தால் இசைக்கோவை உங்களுடையதாக இருக்கட்டும்.