‘வாங்க’ என்கிறது, பக்கத்தில் போனால் கடிக்கிறது!

கேள்வி: நாலு வருடத்துக்கு முன்பு தோட்டத்தில் பட்டுப்போன தென்னையை வெட்டியபோது, பொந்திலிருந்து பச்சைக்கிளிக் குஞ்சு ஒன்று விழுந்தது. என் மாமனார் அதை எடுத்து வளர்த்தார். வாசலில் ஆள் தெரிந்தால் ‘வாங்க’ என்று கூப்பிடும் அளவுக்குப் பழகிவிட்டது. ஆனால் கழுத்தில் வளையம் வந்ததிலிருந்து மாமா தவிர யாரையும் கிட்டே விடுவதில்லை. ஒரம்பரை வந்தவர் விரலைக் கிழித்துவிட்டது. என் ஆறு வயது மகளின் காதையும் கடித்துவிட்டது. ரேபிஸ் வருமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

- வாசகி, வெள்ளகோவில்

பதில்: முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன் அம்மா. பறவைக் கடியால் ரேபிஸ் வருவதில்லை. காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். காயம் ஆழமாக இருந்தால் டி.டி. ஊசி தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சலோடு வறட்டு இருமல் வந்தால், கிளி வளர்ப்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கிளியிடமிருந்து தொற்றும் நுரையீரல் காய்ச்சல் ஒன்று உண்டு.

கழுத்து வளையம்தான் இங்கே துப்பு. உங்கள் கிளி ஆண். இரண்டரை, மூன்று வயதில் பருவத்துக்கு வரும்போதுதான் அந்த வளையம் விழும். காட்டில் என்றால் இந்நேரம் ஜோடி சேர்ந்து, பொந்து பிடித்து, மற்ற கிளிகளை விரட்டிக்கொண்டிருக்கும். உங்கள் வீட்டில் அது ஜோடியாக நினைப்பது உங்கள் மாமனாரை. மற்ற எல்லோரும் அதற்குப் போட்டிக்கு வந்தவர்கள். மார்கழி, தை தொடங்கிக் கோடை வரை இனப்பெருக்கக் காலம் என்பதால் அப்போது கோபம் இன்னும் கூடும்.

‘வாங்க’ என்பது காதில் விழுந்ததை அது திருப்பிச் சொல்லும் ஒலி. அதன் சொந்தப் பேச்சு கண்ணில் இருக்கிறது. கடிக்கும் முன் கண்ணின் பாவை சட்டென்று சுருங்கி விரியும். பிடரி இறகு சிலிர்க்கும். வால் விசிறிபோல் விரியும். அதைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டால் பாதிக் கடி குறையும்.

கடித்தால் கத்தாதீர்கள், மூக்கில் சுண்டாதீர்கள். கத்தினால், கடிப்பதற்குப் பலன் உண்டு என்று அது கற்றுக்கொள்ளும். பேசாமல் கூண்டில் விட்டு நகர்ந்துவிடுங்கள். மாமா அதைத் தோளில் ஏற்ற வேண்டாம். முதுகைத் தடவவும் வேண்டாம். ஜோடி தடவுவதாக அது எடுத்துக்கொள்ளும். குழந்தையைத் தனியாக அதனிடம் விடவே கூடாது. ஒரம்பரை வரும் முன்பே கூண்டை உள் அறைக்கு மாற்றுங்கள். இரவில் 10 மணி நேரமாவது இருட்டில், சத்தமில்லாமல் தூங்கட்டும்.

உங்கள் ஊர் விற்பனைக்கூடத்துக்குச் சூரியகாந்தி விதை வருகிறது என்பதற்காக அதையே மூன்று வேளையும் போட வேண்டாம். அதில் கொழுப்பு அதிகம், வைட்டமின் ஏ குறைவு. உங்கள் சந்தைக்குப் பேர் வாங்கித் தந்த முருங்கையின் கீரை, காரட், கொய்யா கொடுங்கள். பிடித்த தீனியை நீங்களும் உங்கள் மகளும் கூண்டுக்கு வெளியே நின்று, கிண்ணத்தில் போடுங்கள்.

இவையெல்லாம் தற்காலிகம்தான். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் நாட்டுப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பதே குற்றம். 3 ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. 2023-இல் நடிகர் ரோபோ சங்கர் வீட்டிலிருந்த 2 பெரிய பச்சைக்கிளிகளை வனத்துறை மீட்டு, கிண்டி சிறுவர் பூங்காவில் சேர்த்தது. அவருக்கு இரண்டரை லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது.

அதற்காகக் கூண்டைத் திறந்து விட்டுவிடாதீர்கள். கையில் வளர்ந்த கிளிக்கு இரை தேடவும் தெரியாது, வல்லூறுக்குத் தப்பவும் தெரியாது. நீங்களாகவே காங்கயம் வனச்சரக அலுவலகத்துக்குப் போய், குஞ்சு கிடைத்த விதத்தைச் சொல்லி ஒப்படையுங்கள். அதன் இனத்தோடு சேர்ந்து இருக்க அதற்கு ஒரு வழி பிறக்கும்.

மாமனாருக்கு மனம் வராதுதான். நாலு வருடம் பிள்ளைபோல வளர்த்திருக்கிறார். அவரிடம் அந்தக் கழுத்து வளையத்தைக் காட்டுங்கள். அன்று அவர் தூக்கி எடுத்த குஞ்சு இன்று ஜோடி தேடும் வயதுக்கு வந்துவிட்டது. அந்த ஜோடி நம் வீட்டில் இல்லை என்று பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.