கடைசிப் பல்லைக் காப்பாற்றலாமா?

அன்புள்ள விஜயபுரம் சகோதரிக்கு,

நகரியில் பார்த்த டாக்டர் ஞானப்பல்லைப் பிடுங்கச் சொல்கிறார், திருப்பதியில் பார்த்தவர் ரூட் கெனால் செய்யலாம் என்கிறார், யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் அதற்கு முந்தைய பல்லை முன்பே எடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. அந்த இடைவெளியில் நாளை பிரிட்ஜ் கட்ட வேண்டுமானால், பின்பக்கம் தாங்கப்போவது இந்த ஞானப்பல்தான். சாய்ந்து முளைத்து, எதிர்ப் பல்லோடு சேராமல், பிரஷ் எட்டாத இடத்தில் இருந்தால் நானும் பிடுங்கத்தான் சொல்வேன். உங்களுடையது நேராக நின்று மெல்லுகிறது.

சிக்கல் வேரில். முன்னால் இருக்கும் கடைவாய்ப் பற்களில் எத்தனை வேர், எத்தனை கால்வாய் என்று ஓரளவு ஊகிக்கலாம். அவையும் சில சமயம் ஏமாற்றும்: மேல்தாடையின் முதல் கடைவாய்ப் பல் ஒன்றில் எட்டுக் கால்வாய்களைக் கண்டு சிகிச்சை செய்ததை, சென்னை மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2011இல் பதிவு செய்தார்கள். ஞானப்பல்லோ ஆளுக்கு ஆள் மாறும். வேர்கள் ஒட்டி ஒரே கூம்பாகிவிடும், நுனியில் கொக்கியாய் வளையும். சிலருக்குத் தனித்தனித் துளைகளே இராது. கால்வாய்கள் சேர்ந்து வளைந்த பிளவாக ஓடும். அதன் மூலைமுடுக்கில் கால்வாயைச் சுரண்டும் ஃபைல் என்ற மெல்லிய கருவி நுழையாது, ஹைப்போகுளோரைட் திரவத்தை விட்டுக் கழுவித்தான் சுத்தம் செய்ய வேண்டும். சாதாரண எக்ஸ்ரேயில் ஒரு வேர் இன்னொன்றை மறைத்துவிடும். அதனால் முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னால் வீண்செலவு என்று நினைக்காதீர்கள். கீழ்த்தாடை நரம்பு எவ்வளவு அருகில் போகிறது என்பதும் அதில் தெரியும். மருந்து வேர் நுனியைத் தாண்டி அந்த நரம்பில் பட்டால் உதடு மரத்துப்போகலாம். இன்னொன்று, வாயை நன்றாகத் திறக்க முடிகிறதா? கருவி எட்டாவிட்டால் எவ்வளவு கெட்டிக்கார டாக்டரானாலும் ஒன்றும் செய்ய முடியாது.

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய வரிதான் என்னை அதிகம் கவலைப்படுத்தியது. வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்துக்கொண்ட உங்கள் மாமனாருக்கும் ஞானப்பல் வலிக்கிறது, திருத்தணியில் பிடுங்கிவிடப் போகிறோம் என்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். கதிர்வீச்சு பட்ட தாடை எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். பல் பிடுங்கிய புண் ஆறாமல் எலும்பே அழுகிப்போகலாம், பல வருடம் கழித்தும்கூட. வேர் எவ்வளவு கோணலாக இருந்தாலும் அவருக்கு முதலில் யோசிக்க வேண்டியது ரூட் கெனால்தான். மேல்பகுதி உடைந்திருந்தால்கூட, வேரைச் சுத்தம் செய்து அடைத்து உள்ளேயே விட்டுவைப்பதுண்டு.

கதிர்வீச்சு கொடுத்த ஆஸ்பத்திரியின் சிகிச்சைக் குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம், எவ்வளவு கதிர்வீச்சு என்று அதில் இருக்கும். பல் டாக்டர் கேட்காவிட்டாலும் நாற்காலியில் உட்காரும் முன்பே அதைக் கையில் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பல் மருத்துவப் பகுதி ஆசிரியர்