தப்பி ஓடினவர்களின் வழி



பின்னாளில் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை 1743-ம் ஆண்டு தமது நாட்குறிப்பில் நம் புதுவையில் நடந்த ஒரு கொடுமையை எழுதிவைத்தார். கூலிவேலை தருவதாகச் சொல்லி ஏழைகளை அழைத்துப்போய், தலையை மொட்டையடித்து, காலில் விலங்கிட்டு, இரவில் கப்பலேற்றினார்கள். இவ்விதம் புதுவைத் துறையிலிருந்து சென்ற அடிமைகள் மொரீசிலும், இன்று ரெயூனியன் எனப்படும் பூர்போன் தீவிலும் விற்கப்பட்டார்கள்.

பூர்போன் அடிமைகள் தப்பிய வழிகளை அத்தீவின் சரித்திர ஆசிரியர் புரோஸ்பேர் ஏவ் ஆராய்ந்து 2003-ல் நூலாக்கினார். வழிகள் இரண்டு: ஒன்று கடல், மற்றொன்று மலை. சிலர் படகைத் திருடி மடகாஸ்கருக்குப் போகத் துணிந்தார்கள். மற்றவர்கள் மஃபாத், சிலாவோஸ் முதலிய மலைப் பள்ளத்தாக்குகளில் ஒளிந்தார்கள். ஓடினவர்கள் எழுதிவைத்தது ஏதுமில்லை. துரத்தினவர்களின் காகிதங்களிலிருந்தே அவர்கள் தைரியம் நமக்குத் தெரியவருகிறது.

வெட்கத்தோடு ஒன்று சொல்லவேண்டும். அடிமைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கவேண்டுமென்று கட்டளையிட்ட 1723-ம் ஆண்டு அரச சட்டமே, ஒரு மாதம் ஒளிந்திருந்து பிடிபட்டவனுக்குக் காதறுத்துச் சூடுபோடவும், மூன்றாந்தரம் ஓடினால் கொல்லவும் விதித்தது. எஜமான்களும் ஞாயிறு பூசை கண்ட கத்தோலிக்கரே! 1848 டிசம்பர் 20-ந் தேதிதான் அத்தீவில் அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் விடுதலையானார்கள்.

அர்ச். சின்னப்பர் ஒனேசிமுஸ் என்னும் அடிமையைப் பிலமோனிடம் திருப்பி அனுப்பினாரே என்பீர்கள். மெய்தான். ஆனால் அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி எழுதி, அவன் பட்ட கடனுக்கும் தாமே பொறுப்பேற்றார். ஞானஸ்நானம் பெற்றவனைத் தன் உடைமையென்று சொல்ல எவனுக்கு உரிமையுண்டு?

கொத்தடிமை முறையை நம் நாடு 1976-ல் சட்டத்தால் ஒழித்தது. ஆயினும் வேலை ஆசை காட்டும் தரகன் இன்னும் ஒழியவில்லை. நமது மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்கு வெளியூர்களிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் உண்டு. எவனுடைய கூலியாவது முன்பணக் கணக்கில் பிடிக்கப்பட்டு, அவன் ஊர் திரும்பவும் விடப்படாதிருந்தால், அவனுக்கு அடுத்த வீட்டான் நீங்கள்தான். அவன் இராத்திரியில் உங்கள் கதவைத் தட்டினால், துரத்துகிறவனுக்கு வழி காட்டாதேயுங்கள். உள்ளே அழைத்துச் சோறு போடுங்கள். விடிந்ததும் அவனோடு கூடப்போய் அதிகாரிகளிடம் முறையிடுங்கள்.

அடிமையாய் விற்கப்பட்டு, பின்பு கன்னியாஸ்திரியான அர்ச். பகீத்தாவின் திருநாள் பெப்ருவரி 8. அன்று குடும்ப ஜெபத்தில், பெயர் தெரியாமல் கடலிலும் மலையிலும் மாண்ட நம்மவர்களுக்காக ஒரு பத்துமணி ஜெபமாலை சொல்லுங்கள்.