கூட்டம் கலைந்த பின் ஓர் அரை மணி நேரம்

கடந்த ரமலானில் நோன்புக் கஞ்சி ஊற்ற வந்த தம்பிகளில் ஒருவர், தினமும் வேலை முடிந்ததும் யாரிடமும் பேசாமல் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். "என்ன தம்பி, எங்களோடு உட்கார மாட்டீர்களா?" என்று நாமும் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டோம். மறுநாள் அவர் வரவில்லை. அவருடைய அத்தாவிடம் பேசிய பிறகுதான் நம் தவறு புரிந்தது. பிள்ளைக்குக் கோபமும் இல்லை, பெருமையும் இல்லை. 200 பேரிடம் முகங்கொடுத்துப் பேசிவிட்டு வந்தால் ஓய்ந்துபோகிறார், அவ்வளவுதான்.

சிலருக்குக் கூட்டத்தில் தெம்பு வரும். சிலருக்குத் தனிமையில்தான் அது திரும்பும். இந்த இரு சுபாவங்களைப் பற்றி 1921இல் விரிவாக எழுதியவர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங். இது கூச்சம் அன்று. கூச்சமுள்ளவர் பேசவே அஞ்சுவார். இவர் நன்றாகப் பேசுவார், பிறகு சற்று அடங்கி உட்கார வேண்டும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 1095இல் பக்தாத் நிஜாமிய்யாவின் பெரும் பதவியை விட்டு டமாஸ்கஸ் சென்று, பள்ளிவாசல் மினாராவில் கதவடைத்து இருந்தார்கள். தமது இஹ்யாவில் தனித்திருப்பதற்கென்றே ஒரு பாகம் எழுதி, அதன் நன்மை தீமை இரண்டையும் நிறுத்துப் பார்த்தார்கள். தொண்டி அருகே பிறந்த குணங்குடி மஸ்தான் சாகிபு, நம் மதுரையை ஒட்டிய திருப்பரங்குன்றம் மலையில் 40 நாள் கல்வத் இருந்ததாக அவர் வரலாறு கூறுகிறது. அவர்கள் ஒதுங்கியது இபாதத்துக்காக. நாம் பேசுவது வெறும் ஓய்வு. இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. ஆனால் ஒதுங்கியவரெல்லாம் தலைக்கனக்காரர் அல்லர் என்று புரிந்துகொள்ள இது போதும்.

வலீமாவிலிருந்து திரும்பியதும் செல்போனைத் தள்ளி வையுங்கள். வாட்ஸ்அப் குரூப்பும் கூட்டம்தான். மொட்டை மாடியில் அரை மணி நேரம் சும்மா இருங்கள். பெருநாளன்று நாலு வீட்டையும் ஒரே மூச்சில் முடிக்காமல் இரண்டை மறுநாளைக்கு வையுங்கள். "கொஞ்சம் இருந்துவிட்டு வருகிறேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போவதில்தான் மனத்தாங்கல் வருகிறது.

புது மருமகள்களுக்கு இந்த அரை மணி கிடைப்பதே இல்லை. விருந்தாளிகள் போனதும் பாத்திரம் காத்திருக்கும். மாமியார்மார் இதைக் கவனிக்க வேண்டுகிறோம்.

ஓய்வெடுத்தும் தெளியாமல், வாரக்கணக்கில் சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும்கூட எழாமல் இருந்தால் அது சுபாவம் அன்று. அரசு இராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற இலவச எண்ணிலும் தமிழில் பேசலாம்.

அந்தத் தம்பி கடைசிப் பத்தில் திரும்ப வந்தார். அரிசி அளந்து போடும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். முடிந்ததும் சலாம் சொல்லிக் கிளம்புவார். நாமும் பதில் சலாம் சொல்லி அனுப்பிவிடுவோம்.