படிகளில் ஏறுவது யார்?

திருப்பதியின் அடிவாரமாகிய அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் பாதையில் ஏறத்தாழ 3,550 படிகள் உள்ளன. குழந்தையின் நோய் தீர வேண்டிக்கொண்ட தாய், கடனால் உறக்கம் இழந்த வணிகர், தேர்வை எண்ணி அஞ்சும் மாணவர் எனப் பலரும் 'கோவிந்தா' என்று சொல்லியபடி அவற்றில் ஏறுகின்றனர். மலையை அடைந்த பின்னும் வணிகரின் கடன் அப்படியேதான் இருக்கும். ஆயினும் பலருக்கு மனச்சுமை குறைந்துவிடுகிறது. இது எவ்வாறு நிகழ்கிறது?

'எல்லாம் என் ஒருவன் தலைமேல்தான்' என்ற எண்ணமே மன உளைச்சலுக்குப் பெரிதும் காரணம். ஒவ்வோர் அடியிலும் நாமம் ஒலிக்கும்போது அலைபாயும் மனம் ஒன்றில் நிலைக்கிறது. உடன் ஏறுவோரைக் காணும்போது துன்பம் தனக்கு மட்டும் உரியதன்று என்பதும் புலனாகிறது.

அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட்டும் அவருடைய குழுவினரும் 1988-இல், சமயத் தொடர்புடையோர் இன்னல்களைச் சந்திக்கும் முறைகளை மூன்றாகப் பகுத்தனர். தன் முயற்சியை மட்டுமே நம்புவது ஒன்று. எதுவும் செய்யாமல் அனைத்தையும் இறைவனிடம் விட்டுவிடுவது மற்றொன்று. இறைவனைத் துணையாகக் கொண்டு, தான் செய்ய வேண்டியதைத் தானே செய்வது மூன்றாவது. குருக்ஷேத்திரத்தில் நிகழ்ந்தது இந்த மூன்றாவது முறையே. கண்ணன் தேரைச் செலுத்தினான். காண்டீபத்தை அர்ஜுனனே எடுக்க வேண்டியிருந்தது.

சித்தூருக்கு அருகிலுள்ள காணிப்பாக்கம் சுயம்பு விநாயகர் திருக்கோயிலிலும் இவ்வுண்மையைக் காணலாம். இங்குச் சத்தியப் பிரமாணம் செய்யும் வழக்கம் பெயர் பெற்றது. குடிப்பழக்கத்தைக் கைவிட விரும்புவோர் நீராடி, விநாயகர்முன் உறுதி கூறுகின்றனர். இறைவன் அங்குச் சாட்சியாக நிற்கிறான். மறுநாள் மதுவை மறுக்க வேண்டியது அம்மனிதனே. ஆனால் மறுக்கும் அந்தக் கணத்தில் அவன் தனியன் அல்லன்.

நம்பிக்கை திசைமாறினால் அதுவே சுமையாகிவிடும். 'இறைவன் என்னைத் தண்டிக்கிறான், கைவிட்டுவிட்டான்' என்று எண்ணுவோரின் மனவேதனை மிகுதியாக இருப்பதை ஆய்வுகளும் காட்டுகின்றன. அவ்வாறே, நாள்தோறும் நீடிக்கும் மனச்சோர்வுக்கு மருத்துவரை நாடுவது பக்திக் குறைவாகாது. திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவ விஞ்ஞான நிறுவனத்தை அமைத்ததே திருமலை திருப்பதி தேவஸ்தானந்தான். பிரார்த்தனையும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

சாதகர் இதனை இல்லத்திலேயே பயிலலாம். இரவில் உறங்குமுன் மனத்தை வாட்டும் கவலைகளை இரண்டாகப் பிரிக்க வேண்டும். நாளை தன்னால் செய்யக்கூடியது ஒரு பங்கு. அதில் ஒன்றையேனும் செய்வதென உறுதி கொள்ள வேண்டும். தன் கையில் இல்லாதது மறு பங்கு. அதனை இறைவன் திருவடியில் வைத்துவிட வேண்டும். முதற்பங்கையும் அவனிடம் தள்ளுவது சோம்பல். மறு பங்கையும் தானே சுமப்பது அகந்தை.

அலிபிரிப் படிகளில் ஏறும் கால்கள் பக்தருடையவை. ஏறுவதற்கான திடத்தை அருள்பவன் ஏழுமலையான். இரண்டும் இணையுமிடத்தில் மனம் அமைதி பெறுகிறது.