அளவுகோல் சொன்ன பாடம்

ஒரகடம் ஆலைகளில் அளவு தவறிய உதிரிபாகத்தை ஒதுக்கிவிடுவார்கள் என்று பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். மாதிரி விமானத்திற்கும் அதுவே விதி.

1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரைக் காக்கப் போரிட்டு உயிர்நீத்த பரம்வீர் சக்ரா வீரர் நிர்மல்ஜித் சிங் செக்கோனின் ‘நாட்’ விமானத்தை 72-இல் ஒரு பங்கு அளவில் செய்ய முனைந்தோம். கிடைத்ததோ இருவர் அமரும் பயிற்சி விமானத்தின் பாகங்கள். அதன் இறக்கை வீச்சு 7.32 மீட்டர், போர் விமானத்திற்கு 6.73 மீட்டர். 72-ஆல் வகுத்தால் முறையே 10.17, 9.35 சென்டிமீட்டர். பக்கத்திற்குச் சுமார் 4 மில்லிமீட்டர் அறுத்தோம், உடலையும் சுருக்கினோம். இறக்கையின் பரப்பு இன்னும் சற்று அதிகமே.

ஆனால் பெரிய பிழை இரண்டாம் இருக்கைதான். அதை நீக்கிய பின்னரே, அவர் தனியாகப் பறந்தார் என்பதன் பொருள் எங்களுக்கு விளங்கிற்று.